தொகையைச் சொல்லி ஒரு நன்றி

பயிற்சிக் காலம் முடிந்ததும் நிதி தந்தவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில் இருந்து ஆய்வு பழகுவதற்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டங்கள் உண்டு. அப்படி ஒரு கோடையால் பயன்பெற்றவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடிதங்களுக்கென்று ஓர் எழுதாத இலக்கணம் இருக்கிறது. ‘அரிய வாய்ப்பு’ வரும், ‘மறக்க முடியாத அனுபவம்’ வரும், வழிகாட்டிய காப்பாட்சியரின் பொறுமை வரும். பணம் மட்டும் வராது. வந்தாலும் ‘தங்கள் தாராளமான ஆதரவு’ என்று முக்காடு போட்டுக்கொண்டுதான் வரும். நான் எழுதியதும் அதே வார்ப்புதான். இப்போது யோசித்தால், அந்த நன்றி விலாசம் தப்பிப் போய்விட்டதாகப் படுகிறது. முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டியது அந்தத் தொகைக்கு. அனுபவம், வழிகாட்டல், கற்றது எல்லாம் அதன் முதுகில் ஏறி வந்தவை. அந்தக் கோடையில் என்ன நடந்தது என்ற கதை இங்கே வேண்டாம். அது எதனால் நடக்க முடிந்தது என்பதுதான் என் கேள்வி.

காசைப் பெயர் சொல்லிப் புகழ்வது நாகரிகமில்லை என்ற கூச்சம் நமக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை; பழந்தமிழில் அது இல்லை. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருந்தோம். பத்துப்பாட்டில் சரிபாதி அதுதான். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனைப் பார்த்து, எந்த வழியாகப் போக வேண்டும், யாரிடம் போக வேண்டும், என்ன சாப்பாடு கிடைக்கும், என்ன பொருள் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. வள்ளலைப் புகழ்வதுதான் நோக்கம் என்றாலும் பேச்சின் முகம் வள்ளலைப் பார்த்து இல்லை, பசித்தவனைப் பார்த்து இருக்கிறது. கொடையின் அளவை மறைப்பதும் இல்லை; மறைத்தால் வழி சொல்லி என்ன பயன்? இன்றைய நன்றிக் கடிதம் இதற்கு நேர்மாறு. அது கொடுத்தவரை மட்டும் பார்த்துப் பேசுகிறது, கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது, அடுத்து வரப் போகிறவரை மறந்துவிடுகிறது.

தொகை வாங்கித் தந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அருங்காட்சியகத் தொல்லியல் என்பது அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். பார்வையாளர் பார்ப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைத்த சிலவற்றை. பெரும்பகுதி கிடங்கில், அட்டைப்பெட்டிகளிலும் இழுப்பறைகளிலும் கிடக்கிறது. அதிலும் பெரும்பான்மை பானை ஓடுகள். ஒவ்வொன்றாக எடுத்து, பழைய எண் அழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் எழுத வேண்டுமென்றால் ஓட்டின் மேல் நேராக எழுதக் கூடாது. பாரலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, அதன் மேல் எழுதி, திரும்ப ஒரு பூச்சு. நாளைக்கு எண் தவறு என்று தெரிந்தால் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம், ஓட்டுக்குக் காயம் படாது. விளிம்பு ஓடு என்றால் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த தாளின் மேல் வைத்து, எந்த வட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து வாயின் விட்டத்தைக் கணிக்கலாம். மொத்த வாயில் எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பானையைப் பத்துப் பானையாக எண்ணிவிடுவோம். எடை, நிறம், களிமண்ணில் கலந்திருக்கும் மணல், சுட்ட விதம். பிறகு அடுத்த ஓடு. முதல் சில வாரம் இதில் எதுவும் புரியாது, கண் பழகாது. இரண்டு கருப்பு சிவப்பு ஓடுகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் ஐந்நூறு ஓட்டைப் பார்த்த பிறகே தெரியத் தொடங்கும். அந்த ஐந்நூறாவது ஓடு வரை ஒருவரை நாற்காலியில் உட்கார்த்தி வைப்பது ஆர்வம் மட்டும் இல்லை. வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அடுத்த பருவத்துக் கல்விக் கட்டணமும் அடைபடுகின்றன என்ற நிம்மதி வேண்டும். கோடையில் கடையிலோ உணவகத்திலோ நின்று சம்பாதித்தால்தான் இலையுதிர் பருவத்தில் வகுப்புக்குத் திரும்ப முடியும் என்ற நிலையில் இருக்கும் மாணவருக்கு, சம்பளமில்லாத அருங்காட்சியகப் பயிற்சி என்பது திறந்த கதவு போலத் தீட்டிய சுவர்.

இதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது ஜார்ஜ் ஸ்மித்தை. 1840-இல் லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். உயர்படிப்பு இல்லை. வங்கி நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழிலில் பழகுநராகச் சேர்ந்தவர். மதிய உணவு இடைவேளையில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடிப் போய் ஆப்பெழுத்துப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவை லேயார்டும் ரஸ்ஸாமும் நினிவேயில் தோண்டி அனுப்பியவை. வந்து சேர்ந்து ஆண்டுக்கணக்காக உடைசல்களாகக் கிடந்தவை. அவருடைய கண்ணின் கூர்மையைப் பார்த்த அறிஞர்கள் சாமுவேல் பிர்ச்சும் ராலின்சனும் அவருக்கு வேலை கொடுக்க வழி செய்தார்கள். 1867-இல் அவர் அருங்காட்சியகத்தின் உதவியாளரானார். ஐந்து ஆண்டு கழித்து, 1872-இல், கில்காமேஷ் காப்பியத்தின் பிரளயக் கதை இருந்த துண்டைப் படித்தார். அந்த டிசம்பரில் அவர் அதை வாசித்துக் காட்டிய கூட்டத்தில் பிரதமர் கிளாட்ஸ்டன் உட்கார்ந்திருந்தார். டெய்லி டெலிகிராப் நாளிதழ் ஆயிரம் கினி கொடுத்து அவரை நினிவேக்கு அனுப்பிவைத்தது. ஒரு தலைமுறைக்கு முன்பே தோண்டியாகிவிட்ட மண்ணிலிருந்து, தோண்டாத ஒருவர், கிடங்கில் உட்கார்ந்து எடுத்த கண்டுபிடிப்பு அது. இதை எப்போதும் ஆர்வத்தின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள்: சோற்றை விட்டுவிட்டு ஓடிய இளைஞன். எனக்கு இது சம்பளத்தின் கதையாகத் தெரிகிறது. மதிய இடைவேளையில் அவர் ஆப்பெழுத்தைக் கற்றுக்கொண்டார், சரி. ஆயிரக்கணக்கான துண்டுகளை வரிசைப்படுத்தி, இதோடு அது ஒட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ள முழு நாள் வேண்டியிருந்தது. அந்த முழு நாளை அவருக்குத் தந்தது அருங்காட்சியகத்தின் ஊதியப் பட்டியல்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். அதே பிரிட்டிஷ் மியூசியத்தில், பாபிலோனியர் வரைந்த உலக வரைபடப் பலகையின் காணாமல் போன துண்டு ஒன்றை 1995-இல் கண்டெடுத்தவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்தானே? அருங்காட்சியகங்கள் பலவும் தன்னார்வலர்களின் தோளில்தானே நிற்கின்றன? காசு கொடுத்தால் காசுக்காக வருகிறவர்கள்தானே வருவார்கள்? முதலிரண்டையும் மறுக்க மாட்டேன். தன்னார்வலர் இல்லையென்றால் பல ஊர்களில் அருங்காட்சியகக் கதவு திறக்காது. ஆனால் கூலி இல்லாத உழைப்புக்கும் யாரோ ஒருவர் கூலி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அது ஓய்வூதியமாக இருக்கலாம், கணவன் அல்லது மனைவியின் சம்பளமாக இருக்கலாம், அப்பாவின் வீடாக இருக்கலாம். அறுபது வயதில் ஓய்வூதியத்தோடு வருகிறவர் தன்னார்வலராக வருவதில் யாருக்கும் இழப்பில்லை. இருபது வயதில் ஒருவர் சம்பளமில்லாமல் வர முடிகிறது என்றால், அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு தனியார் உதவித்தொகைத் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விண்ணப்பப் படிவம்தான் இல்லை. காசுக்காக வருகிறவர்கள் என்ற பேச்சு எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. கோடை உதவித்தொகையை நம்பிப் பணக்காரர் ஆக நினைக்கிறவர் பானை ஓட்டுப் பக்கம் ஏன் வரப் போகிறார்?

இதைவிட நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஓட்டுக்கு எண் போடுவதும் பெட்டி மாற்றுவதும் எழுத்தர் வேலை. அதற்கு ஆய்வுப் பயிற்சி என்று பெயர் சூட்டி ஆய்வு நிதியைச் செலவழிப்பது சரியா? இதற்குப் பதில் நம் எழும்பூரிலேயே இருக்கிறது. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும் இருப்பதைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்றால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில். உடனே புறப்பட்டுப் போனார். புதுச்சேரியில் இத்தாலியின் அரெட்டைன் வகைச் சிவப்புப் பாண்டத்தின் ஓடுகளும் கண்ணில் பட்டன. 1945-இல் அங்கே அகழ்ந்தார். இந்தோ-ரோமானிய வணிகம் பற்றிய பாடப்புத்தக அத்தியாயம் பிறந்தது. இந்தக் கதையை வீலரின் கழுகுக் கண்ணுக்குச் சான்றாகச் சொல்வார்கள். அவருக்கும் அப்படிச் சொல்லிக்கொள்வதில் பிரியம் உண்டு. நான் கேட்பது வேறு: அந்தச் சாடித் துண்டு அலமாரியில் தானாகப் போய் உட்கார்ந்ததா? அரிக்கமேட்டின் பெருமையைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் அதற்கு முன்பே உணர்ந்திருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் ஐயப்பன் அங்கே சிறு அளவில் தோண்டியும் இருந்தார். யாரோ ஒருவர் அந்த உடைசலைத் தூக்கி எறியாமல் கொண்டு வந்து, எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அந்த ஊர்ப் பெயர் மட்டும் இல்லையென்றால் வீலர் எந்த ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்?

கதை அங்கேயும் முடியவில்லை. 1980களில் விமலா பெக்லி, வீலர் கண்டெடுத்த பானை வகைகளையும் அவருடைய அறிக்கையையும் புதிதாக உட்கார்ந்து ஆராய்ந்தார். வீலர் போட்ட கணக்கைவிட அந்த ஊர் பழையது, ரோமானிய வணிகம் சூடுபிடிக்கும் முன்பே அங்கே குடியிருப்பு இருந்தது என்று வாதிட்டார். அதன் பிறகே 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழ்ந்தார். இறக்குமதிச் சரக்கை வைத்து ஊருக்கு வயது சொன்ன கணக்கு, உள்ளூர் ஓட்டைக் கவனித்ததும் ஆட்டம் கண்டது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் விஷயமும் இதே கதைதான். 1863-இல் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்த அவர், கிடைத்த இடங்களை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். அவருடைய சேகரிப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு இடைவெளிக்கு நடுவே பாலமாக நின்றவை ஊர்ப் பெயர், எண், பதிவேடு. எழுத்தர் வேலை என்றுதான் அதற்குப் பெயர் என்றால், எழுத்தர் வேலைக்கு ஆய்வு நிதி போவதில் எனக்கு மனத்தடை எதுவும் இல்லை. தோண்டுவது ஒரே ஒரு முறைதான் நடக்கும், மண்ணடுக்கு கலைந்தால் கலைந்ததுதான். பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறக்கலாம், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது ஒழுங்காக எழுதியிருந்தால்.

இத்தனையும் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற படத்தை மாற்றாமலே சொன்னவை. அந்தப் படமும் அரைகுறைதான். சிகாகோ ஃபீல்டு மியூசியத்தின் பால் மார்ட்டின் அரிசோனா மாநிலத்து வெர்னான் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் கோடையில் அகழாய்வு நடத்திவந்தார். 1960களில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியால் இளநிலை மாணவர்கள் அங்கே ஆய்வுப் பங்கேற்பாளர்களாக வந்தார்கள். சொன்ன இடத்தில் தோண்டிவிட்டுப் போகிற கூலிக் கைகளாக இல்லாமல், தாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்கு விடை தேட வேண்டும் என்பது ஏற்பாடு. மார்ட்டின் 1899-இல் பிறந்தவர். பானை வகைகளையும் காலவரிசையையும் அடுக்குவதே தொல்லியல் என்ற தலைமுறை. ஆனால் அந்தக் காலத்து இளைஞர்கள் கேட்ட கேள்விகள் வேறு: இந்த ஓடுகள் கிடந்த அறைகளில் யார் யாரோடு வாழ்ந்தார்கள், உறவுமுறை எப்படி இருந்தது, அதை எந்தக் கருதுகோளால் சோதிப்பது? மனிதர் மாறினார். எழுபதைத் தாண்டிய வயதில், 1971-இல், தொல்லியலில் நடந்துவிட்ட புரட்சி பற்றி ஒரு கட்டுரை எழுதித் தன் பழைய பாதையைத் தானே விமர்சித்தார். உதவித்தொகை கொடுத்து வரவழைத்த பிள்ளைகளிடமிருந்து கொடுத்த இடத்துக்கு என்ன போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்தச் சேகரிப்பு இன்றும் சிகாகோவில் இருக்கிறது. புதிய கேள்விகளோடு வருகிறவர்கள் அதைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மிகக் கடினமான ஆட்சேபம் அறம் பற்றியது. அருங்காட்சியகத்துக்கா நன்றி? பிறர் கல்லறையைத் தோண்டி நிரப்பிய கிடங்குக்கா? நமக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஃபெடோர் யாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்கு வந்தன. தாமிரபரணிக் கரையில் தாழிக்குள் வைத்து அனுப்பியவர்கள், தங்கள் முன்னோர் எங்கெல்லாம் பயணம் போவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவிலோ பூர்வகுடி மக்களின் எலும்புகளே இழுப்பறைகளில் எண்ணோடு கிடந்தன, இன்னும் கிடக்கின்றன. 1990-இல் வந்த சட்டம், மத்திய அரசின் நிதி பெறும் அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள மனித எச்சங்களுக்கும் ஈமப் பொருள்களுக்கும் பட்டியல் தயாரித்து உரிய குடிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2024 ஜனவரியில் விதிகள் இறுகியபோது ஃபீல்டு மியூசியம் சில காட்சிப் பெட்டிகளைத் துணி போட்டு மூடியது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களையே அடைத்தது. திருப்பிக் கொடுப்பது முப்பது ஆண்டுக்கு மேல் ஏன் இழுத்தது? மனமில்லாத நிறுவனங்கள் நிறைய இருந்தன, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனம் இருந்த இடத்திலும் பதிவேடு குழம்பிக் கிடந்தது. எந்தப் பெட்டி எந்தக் குழியிலிருந்து வந்தது, எந்த எலும்போடு எந்த மணி இருந்தது என்று தெரியாமல் யாரிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது? அந்தச் சிக்கலை எடுக்கும் கைகளில் பயிற்சி மாணவர்களின் கைகளும் உண்டு. ஆகவே கிடங்கில் சம்பளம் வாங்கியவர் நிறுவனத்தால் வாய் அடைக்கப்பட்ட சாட்சி ஆகிவிட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த சாட்சியாகவும் இருக்கலாம். நன்றி என்பது விசுவாசப் பத்திரம் என்று யார் சொன்னது? ‘தங்கள் ஆதரவு’ என்று மழுப்பும்போதுதான் அந்தச் சந்தேகம் வருகிறது. இன்ன தொகை, இன்ன வேலைக்கு என்று கணக்காகச் சொல்லிவிட்டால் கடன் எது, கடன் இல்லாதது எது என்பதும் தெளிந்துவிடும்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: கிடைத்தது மிகச் சிலருக்கு, கிடைத்தவர் மகிழ்வது மற்றவர் முகத்தில் அடிப்பதாகாதா? ஆகும், அந்த மகிழ்ச்சி தன்னோடு நின்றுவிட்டால். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1992 கலவரத்தில் எரிந்ததற்கு மறு ஆண்டு, அங்கிருக்கும் கெட்டி நிறுவனம் அந்த வட்டாரத்து அருங்காட்சியகங்களிலும் கலை அமைப்புகளிலும் இளநிலை மாணவர்களுக்கு ஊதியத்துடன் கோடைப் பயிற்சி தொடங்கியது. அங்கே வேலை பார்க்கிறவர்களின் முகங்களும் நகரத் தெருவின் முகங்களும் ஒத்துப்போகவில்லை என்ற உண்மை அதன் பின்னால் இருந்தது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கம் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் கொடுங்கள் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது 2019-இல்தான். இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு இவ்வளவு காலம். தொல்லியலில் நிலைமை இன்னும் மோசம் என்பேன். அகழாய்வுப் பழக்கத்துக்கான களப்பள்ளிகள் பெரும்பாலும் மாணவரே கட்டணம் கட்டிச் சேர வேண்டியவை. மண் சுமக்கக் காசு கொடுத்துப் போகிற ஒரே படிப்பு இதுவாகத்தான் இருக்கும். களப்பள்ளிக்குப் போகாமல் வேலை கிடைப்பதும் அரிது.

நம் ஊரில் கீழடியிலும் சிவகளையிலும் கொற்கையிலும் குழி போட்டு எடுத்த ஓடுகள் கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, பைக்குள் போயிருக்கின்றன. பொறிப்பு உள்ளவற்றுக்குப் புகைப்படமும் புகழும் கிடைத்துவிடும். பொறிப்பில்லாதவை பையில் காத்திருக்கும். அரிக்கமேட்டில் வீலரின் கணக்கை அசைத்த மாதிரி ஓடுகள் அவற்றுக்குள்ளும் இருக்கக் கூடும். மதுரையிலோ திருநெல்வேலியிலோ வரலாறு படிக்கிற, விடுமுறையில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு, அந்தக் கடைச் சம்பளத்தைப் பத்து வாரத்துக்கு ஈடுகட்டினால் பையைத் திறக்க ஆள் கிடைக்கும். அந்தக் கணக்கைப் போட்டு யாரிடம் நீட்டுவது என்பதுதான் என் நன்றிக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தின் தலையில், அப்போது கூசி விட்டுவிட்ட தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருப்பேன், பதிவேட்டில் எழுதுவது போல.